ஊரடங்கு நாள்களில் எந்த நாவலை எடுப்பது? பெருநாவலா, சிறுநாவலா, நோயைச் சொல்லும் நாவலா?

நெடும்பயணி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். கொரோனா ஊரடங்கால் வெளியே செல்ல வழியில்லாத இந்த 2020ஆம் ஆண்டு நாள்களில் எந்த நாவல்களைப் படிக்கலாம் என்று பலரும் கேட்டு வருகிறார்கள். என் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன்: இது பெருநாவல்களுக்கு உரிய காலம். 150 பக்க நாவலை எப்போது வேண்டுமானாலும் படித்துவிடலாம். ஒரு ரயில் பயணம் போதும். ஆனால் தல்ஸ்தோயின் 'போரும் வாழ்வும்', ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்', சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' ஆகியவை வாசகரிடம் வாரக்கணக்கில் இடம் கேட்பவை. அவற்றை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, ஓய்வு கிடைக்கட்டும் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களில் நானும் ஒருவன்.

இப்போது டி. எஸ். சொக்கலிங்கத்தின் தமிழாக்கத்தில் 'போரும் வாழ்வும்' நாவலை நாளொன்றுக்கு 40 பக்கம் என்று கணக்கு வைத்துப் படித்து வருகிறேன். 500க்கும் மேற்பட்ட பாத்திரங்கள் வருகிறார்கள். ஒரே ஆளை இரண்டு மூன்று பெயர்களால் அழைக்கிறார்கள். ஆகவே முதல் நாளே குடும்பவாரியாகப் பெயர்களை ஒரு தாளில் எழுதி நூலுக்குள் வைத்துக்கொண்டேன். 100 பக்கம் கடந்தபின் அந்தத் தாளைப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. இன்னும் பெரிதாக வேண்டுவோருக்கு மகாபாரதத்தை நாவல் வரிசையாகச் சொல்லும் ஜெயமோகனின் 'வெண்முரசு' இருக்கிறது. 2014 ஜனவரி 1 முதல் நாள்தோறும் ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளிவந்து, 26 நாவல்களோடு இந்த 2020 ஜூலையில்தான் நிறைவடைந்திருக்கிறது. சிறுநாவல்களைப் பரிந்துரைத்து இந்த வாய்ப்பை வீணாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அரைமணி வாசகி எழுதியது:

நெடும்பயணி ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட நூல்களின் பெருமையை நான் மறுக்கவில்லை. அந்தப் பரிந்துரைக்கு அடியில் இருக்கும் எண்ணத்தைத்தான் மறுக்கிறேன். ஊரடங்கு வந்ததும் எல்லோருக்கும் ஓய்வு வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வீட்டிலுள்ள அனைவரும் நாள் முழுவதும் வீட்டிலேயே இருந்தால், அவர்களுக்குச் சமைத்துப் பரிமாறிப் பாத்திரம் துலக்குபவருக்கு வேலை இரு மடங்காகுமே தவிரக் குறையாது. பிள்ளைகளின் இணைய வகுப்புக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். முதியவர்களுக்கு வேளை தவறாமல் மருந்து கொடுக்க வேண்டும். இடையில் அலுவலக வேலையும் உண்டு. எனக்கென்று ஒரு நாளில் கிடைப்பது அரை மணி நேரம். அதுவும் ஒரு சேரக் கிடைப்பதில்லை.

நானும் 'போரும் வாழ்வும்' நாவலை எடுத்தவள்தான். 1805 ஜூலையில் அன்னா பாவ்லவ்னாவின் வரவேற்பறையில் விருந்தினர்கள் கூடி நெப்போலியனைப் பற்றிப் பேசிக்கொள்ளும் அந்தத் தொடக்கத்தை நான்கு இரவுகளில் நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் யாராவது கூப்பிட்டார்கள். மறுநாள் நூலைத் திறந்தபோது யார் யாருக்கு உறவு என்பது மறந்துபோயிருந்தது.

அதன் பிறகு அசோகமித்திரனின் 'தண்ணீர்' எடுத்தேன். ஜமுனா, அவள் தங்கை சாயா, குழாயில் தண்ணீர் வராத ஒரு தெரு. அவ்வளவுதான் கதையின் களம். வாழ்வே வேண்டாம் என்ற இடத்துக்கு வந்துவிட்ட ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் கதையைச் சொல்லும் பகுதியை நான் மாவு ஊறும் நேரத்தில் அடுக்களையில் நின்றபடியே படித்தேன். நோயாளிக் கணவரையும் மாமியாரையும் பள்ளிக்கூட வேலையையும் சுமந்துகொண்டு, அதற்கு மேல் தண்ணீருக்கும் அலைகிற ஒருத்தி, ஆறுதல் வார்த்தைகளைத் தேடாமல் தான் படும் துயரத்தையே எடுத்து இன்னொருத்தியின் முன் வைக்கிறாள். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். சிறுநாவலை ரயில் பயணத்துக்கு உரியது என்று தள்ளிவைப்பதை என்னால் ஏற்க முடியாது.

நெடும்பயணி எழுதியது:

அம்மா, ஓய்வைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. நான் அதை எண்ணிப் பார்க்காமல் எழுதிவிட்டேன், வருந்துகிறேன். ஆனால் உங்கள் முடிவை மட்டும் ஏற்க இயலவில்லை. துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்துக்குப் பெருநாவல் ஒத்துவராது என்பது வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தது. அதை அன்று படித்தவர்கள் யாரும் மாதக்கணக்கில் ஓய்வெடுத்துக்கொண்டு படிக்கவில்லை. இதழ் கைக்கு வந்ததும் வேலைக்கு நடுவே படித்துவிட்டு, அடுத்த இதழ் வரும்வரை அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசகரை மனத்தில் வைத்துத்தான் கல்கி அத்தியாயத்தை ஒரு முடிச்சோடு நிறுத்துகிறார். போன வாரம் விட்ட இடத்தை அடுத்த அத்தியாயத்தின் முதல் பத்தியிலேயே நினைவூட்டியும் விடுகிறார். ஐந்து பாகங்கள் என்பது பார்க்கத்தான் மலை. உள்ளே நுழைந்தால் கால் மணி நேரத்தில் முடிகிற அத்தியாயங்கள்தாம். தல்ஸ்தோயின் அத்தியாயங்களும் பெரும்பாலும் சில பக்கங்களைத் தாண்டுவதில்லை. அந்த நாவலின் தொடக்கப் பகுதிகளும் 1865 முதல் ஓர் இதழில் வெளிவந்தவையே.

கடைகளும் நூலகங்களும் மூடிக் கிடக்கும் இந்த நேரத்தில் இன்னொரு வசதியும் உண்டு. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. தமிழ் நூல்களை இலவச மின்னூல்களாகத் தரும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் ஐந்து பாகங்களையும் செலவின்றி இறக்கிக்கொள்ளலாம்.

நாடித்துடிப்பு எழுதியது:

பக்க எண்ணிக்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நாம் எதற்காக வீட்டுக்குள் இருக்கிறோம் என்பதை இருவரும் தொடவில்லை. ஒரு தொற்றுநோய் நம்மை உள்ளே வைத்திருக்கிறது. அதை நேருக்கு நேர் பார்த்த நாவல்களை இப்போது படிக்காமல் வேறு எப்போது படிப்பது?

யு. ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' (கன்னடத்தில் 1965) நாவலை முன்பு ஒரு முறை படித்திருந்தேன். அப்போது அதைச் சாதியையும் சடங்கையும் பற்றிய நாவலாக மட்டும் புரிந்துகொண்டேன். இந்த ஊரடங்கில் மறுபடியும் படித்தபோது பிளேக்தான் முதலில் கண்ணில் பட்டது. நாரணப்பாவின் சடலம் வீட்டுக்குள் கிடக்கிறது. ஈமக்கடன் செய்ய யாருக்கு உரிமை என்று அக்ரகாரம் விவாதித்துக்கொண்டிருக்கிறது. சடலத்தை எடுக்கும்வரை யாரும் உண்ணக் கூடாது. பிராணேசாச்சாரியார் சுவடிகளில் விடை தேடிக்கொண்டிருக்கையில் வெளியே எலிகள் செத்து விழுகின்றன, கூரைகள் மேல் கழுகுகள் வந்து உட்காருகின்றன. என்ன நடக்கிறது என்பது வாசகருக்குப் புரிந்துவிடுகிறது, அக்ரகாரத்துக்குப் புரியவில்லை. இறந்தவரை எடுப்பதற்கு ஆள் வராத செய்திகளை நாள்தோறும் கேட்கும் நமக்கு அந்தப் பக்கங்கள் பழைய கதையல்ல.

மலையாள எழுத்தாளர் தகழியின் 'தோட்டியின் மகன்' நாவலையும் (சுந்தர ராமசாமியின் தமிழாக்கம்) சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரே நோய்க்கு அஞ்சும்போதும் மலம் அள்ளும் தொழிலாளர்கள் வேலைக்குப் போயாக வேண்டியிருந்தது என்பதை அது சொல்கிறது. ஆல்பெர் காம்யுவின் 'கொள்ளை நோய்' (1947) பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நோய் பரவிய அல்ஜீரியாவின் ஓரான் நகரத்தின் வாயில்கள் அடைக்கப்படும் பகுதியை இன்று படிக்கிறவர் தம் தெருவைத்தான் பார்ப்பார்.

கடல்தாண்டி எழுதியது:

நாடித்துடிப்பு அவர்களே, உங்கள் பரிந்துரையைக் கடுமையாக மறுக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன். சென்ற மாதம் என் அண்ணன் மருத்துவமனையில் 11 நாள்கள் இருந்தார். நாங்கள் யாரும் உடன் இருக்க அனுமதி இல்லை. நல்ல வாசகர் ஒருவர் சொன்னாரே என்று அந்த நாள்களில்தான் நான் 'கொள்ளை நோய்' நாவலைத் திறந்தேன். நீதிபதியின் சிறு மகன் இரவெல்லாம் துடித்து இறக்கும் பகுதி வந்தது. நூலை மூடி வைத்துவிட்டேன், இன்றுவரை திறக்கவில்லை. அது மகத்தான எழுத்து என்பதில் எனக்கு ஐயமில்லை. மகத்தான எழுத்து என்பதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. காலையில் எழுந்ததும் நோய்த்தொற்று எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, இரவில் அதையே நாவலிலும் படி என்று ஒருவரிடம் சொல்வதற்கு முன், அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைக் கேட்க வேண்டாமா?

அண்ணன் நலமாகத் திரும்பிவிட்டார். அந்த நாள்களில் எனக்குத் துணையிருந்தது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தோனேசியாவின் மெடான் நகரத் தெருக்களில் பாண்டியன் நடந்துகொண்டே இருக்கிறான். கப்பலும் கடலும் கடைத்தெருவும் வந்துகொண்டே இருக்கின்றன. அதிலும் சாவு உண்டு, ஆனால் காற்றும் உண்டு. ஜன்னலைத் தாண்டிப் போக முடியாதவனுக்கு அந்தக் காற்று எவ்வளவு பெரிது என்பதை நான் அறிந்துகொண்டேன்.

நாடித்துடிப்பு எழுதியது:

உங்கள் அண்ணன் நலம்பெற்றதில் மகிழ்ச்சி. நான் எழுதியதில் ஒரு நிபந்தனை விடுபட்டுவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். நோய் வீட்டுக்குள் வந்துவிட்டவரிடம் இந்த நூல்களை நீட்டக் கூடாது.

ஆயினும் அச்சம் மட்டுமே கையிலிருக்கும் என் போன்றவர்களுக்கு அவை வேறு வகையில் உதவுகின்றன. 'கொள்ளை நோய்' நாவலில் கிரான் என்றொரு சாதாரண எழுத்தர் வருகிறார். பகலில் அலுவலகம், மாலையில் நோய்த் தடுப்புக் குழுக்களுக்கான கணக்கெழுதும் வேலை. அது முடிந்ததும் தன் நாவலின் முதல் வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டு, குதிரையில் செல்லும் ஒரு பெண்ணைப் பற்றிய அந்த ஒரே வாக்கியத்தில் சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார். அடைபட்ட நகரத்தில் ஒருவர் ஒரு பெயரடைக்காகக் கவலைப்படுகிறார் என்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. நூலை மீண்டும் திறக்கும் மனநிலை உங்களுக்கு எப்போதாவது வந்தால், அவருக்காகத் திறவுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வங்க எழுத்தாளர் தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்' (தமிழில் த. நா. குமாரஸ்வாமி) சாவை மையமாகக் கொண்டும் அச்சுறுத்தாத நாவல். நாடியைத் தொட்டே முடிவை அறிந்துவிடும் ஜீவன் மஷாய் என்ற முதிய வைத்தியருக்கும் புதிய மருத்துவம் படித்து வந்த இளைஞருக்கும் இடையிலான கருத்து மோதல் அது. மருந்தின் எல்லை எது, மனிதர் எப்போது விடைபெறப் பழக வேண்டும் என்று அவர்கள் இருவரும் கேட்டுக்கொள்வதை நாமும் இப்போது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

அரைமணி வாசகி எழுதியது:

கடல்தாண்டி அவர்கள் சொன்ன காற்று எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்கு 'தண்ணீர்' தந்ததைக் காற்று என்று சொல்ல மாட்டேன். அது என் வீட்டைவிட இன்னும் நெருக்கடியான ஒரு வீட்டுக்குள்தான் என்னை அழைத்துச் சென்றது. ஆகவே நோய் நாவலா, வெளியே கொண்டுபோகும் நாவலா என்ற பிரிவினை எனக்குப் பொருந்தவில்லை.

நெடும்பயணி ஐயாவுக்கு ஒரு செய்தி. மதுரைத் திட்டத்திலிருந்து 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தைக் கைபேசியில் இறக்கிக்கொண்டேன். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் அத்தியாயத்தை நேற்றிரவு விளக்கை அணைத்தபின் திரை வெளிச்சத்தில் படித்தேன். நடுவில் இரண்டு முறை எழுந்துபோக நேர்ந்தும் திரும்பி வந்தபோது இடம் தவறவில்லை. தொடர்கதையைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் அன்னா பாவ்லவ்னாவின் வரவேற்பறை இன்னும் எனக்கு மூடிய கதவாகவே இருக்கிறது.

நெடும்பயணி எழுதியது:

பெருநாவல்களுக்கு உரிய காலம் இது என்ற என் கருத்து மாறவில்லை. எல்லோருக்கும் உரிய காலம் என்று எழுதியதை மட்டும் திருத்திக்கொள்கிறேன். நூலுக்குள் நான் எழுதி வைத்திருந்த பெயர்த் தாளைப் படமெடுத்து இன்று மாலைக்குள் இங்கே பதிவிடுகிறேன். முதல் 100 பக்கங்களில் வருபவர்கள் அனைவரும் அதில் உறவுமுறையோடு இருக்கிறார்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்தாம் முறையாக அந்த வரவேற்பறைக்குள் நுழைந்து பாருங்கள்.