தடுப்பூசிக்குப் பிறகு தோலில் வருபவை: முதலில் நாள் கணக்கு

எந்தத் தடிப்பானாலும் முதல் கேள்வி, ஊசி போட்டு எவ்வளவு நேரம், எத்தனை நாள் என்பதுதான். பெரும்பாலும் முதல் அரை மணிக்குள், உடம்பெல்லாம் தடித்து, கூடவே மூச்சிரைப்போ நாக்கு வீக்கமோ மயக்கமோ வந்தால் அது அனாஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. பெரியவர்களுக்கு 1:1000 அட்ரீனலின் 0.5 மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போட வேண்டும். அடங்காவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடியும்.

ஒரு வாரம் கழித்து ஊசி போட்ட இடம் மட்டும் சிவந்து, சூடாகி, உள்ளங்கை அகலத்துக்குத் தடிப்பது முற்றிலும் வேறு. 2021-இல் மாடர்னா கொரோனா ஊசியின் முதல் டோஸுக்குப் பிறகு, 8-ஆம் நாள் வாக்கில் இப்படி வந்தது பதிவாகியிருக்கிறது. கிருமித் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுத்துவிடுகிறார்கள். இது வலிப்பதைவிட அரிக்கும். சில நாளில் தானே அடங்கும். அடுத்த டோஸுக்கு இது தடையே இல்லை.

* * *

காணாக்கடியை (திடீரெனக் கிளம்பி அரிக்கும் தடிப்பு, அர்ட்டிகேரியா) அடையாளம் காண ஒரு பேனா போதும். ஒரு தடிப்பைச் சுற்றி வட்டம் போட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் அந்த இடம் தடம் தெரியாமல் மறைந்து, வேறு இடத்தில் புதிதாகக் கிளம்பினால் சாதாரணக் காணாக்கடி. அதே இடத்தில் நின்று, எரிந்து, கன்றிய நிறம் விட்டுப் போனால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அதற்கு பயாப்சி (தோலில் சிறு துண்டு வெட்டிச் சோதிப்பது) வேண்டும்.

தூக்கம் வரவழைக்காத வகை அலர்ஜி மாத்திரையை அரிக்கும்போது மட்டும் போடுவதால்தான் பலருக்குக் கேட்பதில்லை. தினமும் போட வேண்டும். போதாவிட்டால் மருத்துவர் நான்கு மடங்கு வரை கூட்டுவார். 6 வாரம் தாண்டினால் நாள்பட்டது என்று கணக்கு. ஊசிக் காய்ச்சலுக்குப் போட்ட இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் காணாக்கடியைக் கிளப்பும். அதைக் கேட்காமல் பழியை ஊசிமேல் போடாதீர்கள்.

* * *

அதே எச்சரிக்கை புல்லஸ் பெம்ஃபிகாய்டு என்ற கொப்புள நோய்க்கு இன்னும் பொருந்தும். வயதானவர்களுக்கு வருவது. தோலின் மேலடுக்கைக் கீழடுக்கோடு பிணைக்கும் புரதங்களை (பிபி180, பிபி230) உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. கொப்புளத்துக்கு முன்பே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், வெறும் அரிப்புதான் இருக்கும். சொறி என்றும் எக்ஸிமா என்றும் மருந்து மாறிக்கொண்டே இருக்கும். பிறகு எளிதில் உடையாத, இறுக்கமான கொப்புளங்கள்.

பயாப்சியில்தான் அதிகம் தவறு நடக்கிறது. இரண்டு துண்டு வேண்டும். ஒன்று புதுக் கொப்புளத்தின் ஓரம், அது ஃபார்மலினில். மற்றது கொப்புளத்தை ஒட்டிய, பார்வைக்கு நல்ல தோல், அது மிஷெல் திரவத்தில் (இந்தச் சோதனைத் துண்டைக் கெடாமல் வைக்கும் திரவம்). கிடைக்காவிட்டால் சலைனில் வைத்து மறுநாளைக்குள் ஆய்வகம் சேர வேண்டும். இரண்டாவதையும் ஃபார்மலினில் போட்டால் இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனை (தோலில் படிந்த எதிர்ப்புப் புரதங்களை ஒளிரவைத்துப் பார்ப்பது) பாழ், நோயாளிக்கு மறுபடி ஒரு வெட்டு.

சர்க்கரைக்கு கிளிப்டின் வகை மாத்திரை (வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின்) எடுக்கிறாரா என்று அவசியம் பாருங்கள். இந்த நோயைத் தூண்டுவதில் ஊசியைவிட அதற்குத்தான் சான்று வலுவானது. ஊசியைக் காரணம் காட்டி அத்தோடு விசாரிப்பதை நிறுத்திக்கொண்டால் மாத்திரை தொடரும், கொப்புளமும் தொடரும். மாத்திரையை மாற்றுவது சர்க்கரை மருத்துவரைக் கேட்டுத்தான்.

சிகிச்சையில் குளோபெட்டசால் 0.05% என்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பு முகம் தவிர உடம்பு முழுக்க. நோயின் பரவலைப் பொறுத்து நாளொன்றுக்கு 10 முதல் 40 கிராம். கொப்புளத்தின் மேல் மட்டும் தொட்டு வைப்பது போதாது. வாய்வழி ஸ்டீராய்டு தாங்காதவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தினம் 200 மி.கி. கொடுப்பதுண்டு.

* * *

அரிப்பே இல்லாத குண்டூசி முனைச் சிவப்புப் புள்ளிகளை விட்டுவிட்டோம். கண்ணாடி டம்ளரை அழுத்திப் பாருங்கள்; நிறம் மங்காவிட்டால் அது தோலுக்குள் ரத்தக் கசிவு. அன்றே பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) எண்ணிக்கை பார்க்க வேண்டும். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) ஊசிக்குப் பிறகு 6 வாரத்துக்குள் அபூர்வமாகப் பிளேட்லெட் குறையும். ஆஸ்பிரின் வகை மாத்திரை எதுவும் கூடாது.

* * *

குழந்தைகளுக்கு ஊசி போட்ட தொடையில் பட்டாணி போல் கட்டி, கடுமையான அரிப்பு, மாதங்கள் கழித்தும் போகவில்லை என்றால் அலுமினிய உப்பு சேர்த்த ஊசிகளை நினையுங்கள். சளி பிடிக்கும்போதெல்லாம் அரிப்பு கூடும் என்பது நல்ல துப்பு. வருடக்கணக்கில் இருந்து தானாகக் கரையும். புற்றோ என்று பயந்து அறுத்துவிடுகிறார்கள்; ஊசி விவரத்தை முதலிலேயே மருத்துவரிடம் சொன்னால் அந்தக் கத்தி தேவைப்படாது.