ஜப்பானின் அதிவேக ரயிலான ஷின்கான்சென்னின் புது வண்டிகளில் போனவர்கள் சொல்லுங்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

நகோயா_செல்வி
டோக்கியோவிலிருந்து நகோயா, நோசோமி என்ற விரைவுச் சேவை, என்700எஸ் ரக வண்டி. பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், வழி முழுக்கத் தூக்கம். நகோயா வருகிறது என்று அறிவிப்பு கேட்டதும் சட்டென்று எழுந்து கதவுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நிறுத்தம் நெருங்கும்போது தலைக்கு மேலே சாமான் தட்டின் விளக்கு தானாகக் கூடுமே, அது அந்த நேரம் பார்த்துப் பிரகாசமானது. நாலடி போனவர் திரும்பிப் பார்த்தார். தட்டின் மூலையில் துணி சுற்றிக் கட்டிய ஒரு பெட்டி. வந்து இரண்டு கையாலும் இறக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். உள்ளே என்ன இருந்ததோ, இன்றைக்கும் யோசிக்கிறேன். இறங்கும் அவசரத்தில் மனுஷன் மறப்பான் என்று யாரோ ஒரு பொறியாளர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவருக்கு ஒரு கும்பிடு.

ரயில்_பிரியன்
விளக்கு நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதிவேக ரயில் என்றால் வேகத்தைப் பேச வேண்டாமா? 2020 ஜூலையில் வந்த என்700எஸ், டோக்கியோ–ஷின் ஒசாகா தடத்தில் மணிக்கு 285 கி.மீ.க்கு மேல் போவதில்லை. அதற்கு முந்தைய வண்டியும் அங்கே அதே 285தான்.

என்னை நின்ற இடத்திலேயே நிறுத்தியது ஆல்ஃபா-எக்ஸ் சோதனை வண்டி. செண்டாய், இரவு, நடைமேடையில் கூட்டமே இல்லை. மூக்கு வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது! ஒரு முனையில் 16 மீட்டர், மறுமுனையில் 22 மீட்டர். 360 கி.மீ. வேகத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்றால் காற்றைக் கிழிக்க அவ்வளவு கூர்மை வேண்டும்.

யமகட்டா_வாசி
ரயில்_பிரியன், மூக்கு நீளம் காற்றைக் கிழிப்பதற்காக மட்டும் இல்லை. சுரங்கம்தான் பெரிய காரணம். வண்டி வேகமாகச் சுரங்கத்துக்குள் நுழையும்போது முன்னால் இருக்கும் காற்று அழுந்தி, அந்த அழுத்த அலை ஒலியின் வேகத்தில் ஓடி மறுவாயில் ‘டம்’ என்று வெடிக்கும். பக்கத்து வீடுகளில் ஜன்னல் அதிரும். 1997-இல் வந்த 500 தொடர் வண்டிக்கு மீன்கொத்தியின் அலகைப் பார்த்து 15 மீட்டர் மூக்கு வைத்தது இதற்காகத்தான். என்700எஸ்ஸின் மூக்கு அதைவிடக் குட்டை. இரண்டு ஓரங்களையும் மடிப்புப் போல உயர்த்தி அந்தச் சத்தத்தை அடக்கியிருக்கிறார்கள். நீளம் கூடக் கூட இருக்கை குறையும், அதையும் கணக்கில் எடுங்கள்.

சரி, என் சம்பவம். 2024 மார்ச்சில் சுபாசா என்ற சேவையில் ஓட ஆரம்பித்த இ8 ரக வண்டி. ஃபுகுஷிமா நிலையத்தில் அது பச்சை நிற இ5 ரக வண்டியுடன் சேருவதைப் பார்த்தேன். மூக்கின் மூடி திறந்து உள்ளே இருந்த இரும்புக் கொக்கி வெளியே தெரிந்தது. இ8 சற்றுத் தள்ளி நின்று, அப்புறம் நத்தையாக நகர்ந்து வந்து ஒட்டியது. இடிக்கவே இல்லை. இ8-க்கு 9 மீட்டர் மூக்கு, 300 கி.மீ. வேகம். இருக்கைகளைக் காப்பாற்றிக்கொண்டு போதுமான வேகத்தை எடுத்தது சரியான முடிவு என்றுதான் நான் சொல்வேன்.

ஹமமட்சு_அம்மு
நீங்கள் ஓடுவதைப் பேசுகிறீர்கள், எனக்கு நின்றதுதான் மறக்கவில்லை. ஷிசுவோகா தாண்டியிருப்போம். பெட்டியில் இருந்த அத்தனை கைபேசிகளும் ஒரே நொடியில் அலறின. நிலநடுக்க எச்சரிக்கை. எச்சரிக்கை வந்தால் தடத்தில் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்பட்டு பிரேக் விழும் என்று படித்திருந்தாலும், அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிற மாதிரி இருக்கிறது. யாரும் கத்தவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. கொஞ்ச நேரத்தில் கழிவறை போகணும் என்றார். மின்சாரம் இல்லாமல் என்ன செய்வது என்று எனக்குப் பதற்றம். ஆனால் வேலை செய்தது! என்700எஸ்ஸில் லித்தியம் அயன் மின்கலம் இருக்கிறது. மின்சாரம் போனாலும் சில கழிவறைகள் இயங்கும். பாலத்திலோ சுரங்கத்திலோ மாட்டிக்கொண்டால் மெதுவாக நகர்ந்து பாதுகாப்பான இடத்துக்குப் போகவும் அதே மின்கலம்தான்.

ரயில்_பிரியன், 2030-இல் வரப்போகும் இ10 ரக வண்டியைப் பாருங்கள். அதற்கும் 320தான், இப்போதைய இ5 ஓடும் அதே வேகம். ஆனால் அந்த வேகத்தில் நிற்க இப்போது ஆகும் 4 கி.மீ.யை 3.4 ஆகக் குறைக்கிறார்கள். நிலநடுக்கத்தில் தடம் விட்டு விலகாமல் இருக்கச் சக்கரங்களுக்கு அருகே எல் வடிவ வழிகாட்டியும் வருகிறது. 2022 மார்ச்சில் ஃபுகுஷிமா பக்கம் வண்டி தடம் புரண்டதை நினைத்தால் இதுதான் முன்னேற்றம்.

குட்டிமணி
அப்பாவுக்கு 11-ஆம் பெட்டியில் இடம் எடுத்தோம், சக்கர நாற்காலிக்கான இடம். 2021-இலிருந்து வரும் என்700எஸ்ஸில் ஆறு இடம் வைத்திருக்கிறார்கள். நாற்காலியை விட்டு இறங்காமலே ஜன்னலோரம். ஹமானா ஏரி வந்ததும் அப்பா கண்ணாடியில் விரல் வைத்துத் தண்ணீரோடு கூடவே நகர்த்திக்கொண்டு வந்தார். இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஒசாகா_கணேசன்
எல்லாரும் நல்லா எழுதுகிறீர்கள். ஷின் ஒசாகாவில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி இரண்டு ராட்சதப் பெட்டிகளோடு வாசலில் திண்டாடியதைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் முகம் கண்ணிலேயே நிற்கிறது, அதனால் சொல்கிறேன். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். 160 செ.மீ. தாண்டினால், 250 வரை, பெரிய சாமானுக்கான இருக்கை என்று தனியாக முன்பதிவு செய்யணும். அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. செய்யாமல் ஏறினால் 1,000 யென் வாங்குவார்கள். பெரும்பாலும் ரயில் பெட்டியின் கடைசி வரிசைதான் கிடைக்கும், சாமான் முதுகுக்குப் பின்னால் நிற்கும். டோக்கியோவிலிருந்து ஒசாகா போகிறவர்கள் ஃபுஜி மலை பார்க்க சாதாரண வகுப்பில் ஈ (E) என்ற எழுத்துள்ள இருக்கையைக் கேளுங்கள், வலது பக்கம். 2023 அக்டோபரோடு நோசோமி சாதாரணப் பெட்டிகளில் தள்ளுவண்டி விற்பனை நின்றுவிட்டது, அதனால் சாப்பாடு, காபி எல்லாம் ஏறும் முன்பே வாங்கிவிடுங்கள். இன்னொன்று. என்700எஸ்ஸில் ஒவ்வொரு இருக்கைக்கும் மின்செருகி உண்டு, ஆனால் தட்டையான இரண்டு முள், 100 வோல்ட். நம் ஊர் உருண்டை முள் சார்ஜர் அதில் நுழையாது. அடாப்டரைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள்.