மிராஜ் 2000சி: முதல் திருப்பத்தில் நான் ராஜா, இரண்டாவதில் காலி. டெல்டாவை (முக்கோண இறக்கை விமானத்தை) எப்படி ஓட்டுவது?

செங்காங்_விமானி

எல்லாருக்கும் வணக்கம். டிசிஎஸ் விமான சிமுலேட்டரில் ரொம்ப நாளாக எஃப்-18 மட்டும்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் மிராஜ் 2000சி வாங்கினேன், விமானம் அழகு, காக்பிட் அழகு, எல்லாம் சரி, ஆனால் சண்டைக்குப் போனால் ஒரே கதைதான். நண்பர் எஃப்-16-இல் வருவார், 420 நாட் வேகத்தில் எதிரெதிரே கடப்போம், நான் ஸ்டிக்கை வயிற்றுவரை இழுப்பேன், மூக்கு அவரைவிட வேகமாகத் திரும்பிவிடும். அந்த நேரத்தில் மேஜிக் ஏவுகணை அடித்துவிட்டால் நான் பிழைத்தேன். அவர் ஃப்ளேர் (ஏவுகணையை ஏமாற்றும் தீப்பொறி) போட்டுத் தப்பிவிட்டால், அடுத்த அரைச் சுற்றில் என் வேகம் 200 நாட்டுக்கு வந்துவிடுகிறது, அப்புறம் அவர் சாவகாசமாக என் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

இன்னொன்று தரையிறக்கம். எஃப்-18-இல் கப்பலிலேயே இறக்கிவிடுவேன். இதில் நீளமான ரன்வே இருந்தும் ஒன்று பொத்தென்று விழுகிறது, இல்லையென்றால் மிதந்துகொண்டே பாதி ரன்வேயைத் தின்றுவிடுகிறது, இரண்டும் இல்லையென்றால் வால் தரையில் உரசுகிறது. ஃபிளாப் (மெதுவாக இறங்க இறக்கையின் பின்விளிம்பைக் கீழே மடக்குவது) பொத்தானைத் தேடித் தேடிப் பார்த்தேன், காணோம்!

சிங்கப்பூரில் நாலறை வீவக அடுக்குமாடி வீடு, பிள்ளை தூங்கிய பிறகுதான் பறக்க முடியும், அதனால் கிடைக்கும் நேரத்தைத் தப்பான பழக்கத்தில் செலவழிக்க விருப்பமில்லை. இந்த விமானத்தை ஒழுங்காக ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

---

ஈசூன்_இரவுப்பறவை

ஃபிளாப் கிடையாது சார், தேடாதீர்கள். வால் (படுக்கைவாட்டு வாலிறக்கை) இல்லாத டெல்டாவில் ஃபிளாப்பை இறக்கினால் மூக்கு கீழே குத்தும், அதைத் தூக்கிப் பிடிக்கப் பின்னால் வால் இல்லை. இறக்கையின் பின்விளிம்பில் இருக்கிற எலிவான்களே மூக்கைத் தூக்கவும் உருளவும் இரண்டுக்கும் வேலை செய்கின்றன. முன்விளிம்பில் ஸ்லாட் (கீழே இறங்கும் பட்டை) உண்டு, அதைக் கணினியே பார்த்துக்கொள்ளும்.

சண்டை விஷயத்துக்கு வருகிறேன். மிராஜின் இறக்கைப் பரப்பு 41 சதுர மீட்டர், எஃப்-16-க்கு 28 கூட இல்லை. இவ்வளவு பெரிய இறக்கையும் இவ்வளவு குறைந்த எடையும் சேர்ந்தால் மூக்கு சட்டென்று திரும்பத்தான் செய்யும். ஆனால் இறக்கையின் நீளம் 9 மீட்டர் சொச்சம்தான், அதாவது பரப்பு நிறைய, அகலவாட்டில் குட்டை. குட்டை இறக்கை அதிக ஆங்கிள் ஆஃப் அட்டாக்கில் (எதிர்வரும் காற்றுக்கு இறக்கை சாய்ந்திருக்கும் கோணம்) தூக்குவிசையைக் கொடுக்கும்போது அதற்கான இழுவையையும் கூடவே வசூலிக்கும். அதே வேகத்தில் தூக்குவிசையை இரண்டு மடங்காக்கினால் அந்த இழுவை கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். அந்த இழுவையை எதிர்த்துத் தள்ள உங்களிடம் இருப்பது எம்53 எஞ்சின் ஒன்று, ஆஃப்டர்பர்னரோடு (பின்னால் கூடுதல் எரிபொருளை எரித்து விசையைக் கூட்டுவது) 95 கிலோநியூட்டன். உங்கள் நண்பரின் எஃப்-16-இல் 130 சொச்சம். அவர் வட்டமடித்துக்கொண்டே இருக்க முடியும், உங்களால் முடியாது, அவ்வளவுதான் கணக்கு.

இதில் மோசமான விஷயம், டெல்டா எச்சரிக்கை தராது. முன்விளிம்பில் சுழல்கள் உருவாகி இறக்கைமேல் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, அதனால் சாதாரண இறக்கை எப்போதோ ஸ்டால் ஆகி, அதாவது தூக்குவிசையை இழந்துவிடுகிற கோணத்திலும் இது சொன்னபடி கேட்கும். விமானம் சொன்னபடி கேட்கிறதே என்று நீங்கள் இழுத்துக்கொண்டே இருப்பீர்கள், வேகம் சத்தமில்லாமல் கரைந்துகொண்டே இருக்கும். ஈஸிலிங்க் பயண அட்டை மாதிரிதான், தட்டும்போது ஒன்றும் தெரியாது, மீதியைப் பார்க்கும்போதுதான் நெஞ்சு அடைக்கும்.

ஆகவே இழுக்கக் கற்றுக்கொள்வதைவிட விடக் கற்றுக்கொள்வது முக்கியம். முதல் திருப்பத்தில் முழுசாக இழுங்கள், சுடுங்கள். அடிக்கவில்லையா, உடனே ஸ்டிக்கை முன்னால் விட்டு ஜியை (திருப்பத்தில் உடலை அழுத்தும் விசையை)ப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மூக்கைக் கொஞ்சம் கீழே சாய்த்து, ஆஃப்டர்பர்னரை முழுசாக வையுங்கள். மெல்லிய இறக்கை, தூக்குவிசை வேண்டாம் என்றதும் இழுவை படாரென்று குறையும், வேகம் ஏறுவதைப் பார்த்தால் நீங்களே அசந்துபோவீர்கள். 300 நாட்டுக்குக் கீழே போன பிறகு ஓடலாம் என்று நினைத்தால் தாமதம்.

எஃப்-16-ஓடு ஒருவர் வாலை ஒருவர் துரத்தும் பெரிய வட்டத்துக்கு ஒத்துக்கொள்ளவே கூடாது, அது அவருடைய ஆட்டம். கடந்ததும் அவர் எந்தப் பக்கம் மூக்கைத் திருப்புகிறாரோ அந்தப் பக்கத்துக்கே நீங்களும் திரும்பி (அவர் தன் இடப்பக்கம் திரும்பினால் நீங்கள் உங்கள் வலப்பக்கம்), மறுபடி நேருக்கு நேர் வருகிற மாதிரி வையுங்கள். அங்கே யார் மூக்கு முதலில் திரும்புகிறது என்பதுதான் கேள்வி, அது உங்கள் ஆட்டம்.

---

கேப்டன்_கோப்பி_ஓ

கோபித்துக்கொள்ளாதீர்கள், இவ்வளவு கஷ்டம் எதற்கு? எஃப்-18-இல் அம்ராம் (தன் ரேடாரிலேயே இலக்கைத் தேடிப் போகும் ஏவுகணை) இருக்கிறது, தூரத்திலிருந்தே அடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். மிராஜில் மொத்தமே நாலு ஏவுகணை. அதில் இரண்டு சூப்பர் 530டி, இலக்கை அடிக்கும்வரை ரேடாரை அவன் மேலேயே பிடித்துக்கொண்டு அவனை நோக்கியே போக வேண்டும். ஆன்லைன் சர்வரில் இதை எடுத்துக்கொண்டு போவது தற்கொலை லா.

---

ஈசூன்_இரவுப்பறவை

கோப்பி சார், அம்ராம் உள்ள சர்வரில் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் செங்காங் சார் கேட்டது டாக்ஃபைட், பக்கத்தில் சுற்றிச் சுற்றிப் போடும் சண்டை. அம்ராம் இல்லாத எண்பதுகள் காலத்து சர்வர்களில் மிராஜைச் சந்தித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

---

பழைய_ஸ்கைஹாக்

தம்பி செங்காங், தரையிறக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன். தேசியச் சேவைக் காலத்தில் டெங்கா தளத்தில் சூப்பர் ஸ்கைஹாக்குகளை தினமும் பார்த்தவன், அந்த ஏ-4 இறக்கையும் ஒருவகை டெல்டாதான், ஆனால் பின்னால் வால் உண்டு. அந்த வால் செய்கிற உதவி என்ன என்று புரிந்தால் மிராஜ் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதும் புரியும்.

கொஞ்சம் பழைய கதை. 1956-இல் முதலில் பறந்த மிராஜ் 3 சுத்தமான டெல்டா. மேலே போனால் ராக்கெட், ஆனால் மெதுவாகப் பறக்கச் சொன்னால் பிடிவாதம் பிடிக்கும். ஏனென்றால் மூக்கைத் தூக்கி வைத்திருக்க எலிவான்கள் மேல்நோக்கி மடங்க வேண்டும், மேல்நோக்கி மடங்கினால் இறக்கை தன் தூக்குவிசையில் ஒரு பகுதியைத் தானே இழக்கிறது. தூக்குவிசை அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அது குறைகிறது! அதனால் தரையிறங்கும் வேகம் அதிகம், ரன்வே நீளம் வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் இதைத் தயாரித்த டஸ்ஸோ நிறுவனம் அடுத்து வந்த மிராஜ் எஃப்1-இல் டெல்டாவையே கைவிட்டு, சாய்ந்த இறக்கையும் தனி வாலும் வைத்தது. பிறகு 1978-இல் பறந்த மிராஜ் 2000-இல் மறுபடி டெல்டாவுக்கே திரும்பியது. நடுவில் வந்தது ஃப்ளை-பை-வயர், அதாவது ஸ்டிக்கின் ஆணையைக் கணினி வழியாக எலிவான்களுக்கு அனுப்புவது. எடை மையத்தைப் பின்னால் தள்ளி விமானத்தை வேண்டுமென்றே நிலையற்றதாக்கிவிட்டார்கள், அது கவிழாமல் கணினி பார்த்துக்கொள்கிறது. இப்போது மூக்கைப் பிடித்துவைக்க எலிவான்கள் கீழ்நோக்கி மடங்குகின்றன, தூக்குவிசை கூடுகிறது. எஃப்1-ம் டிசிஎஸ்ஸில் இருக்கிறது, இரண்டையும் ஒரே மாலையில் இறக்கிப் பாருங்கள், இந்தப் பத்தியில் நான் சொன்னதெல்லாம் கையில் தெரியும்.

ஆனால் கணினி வந்தாலும் ஒரு குணம் மாறவில்லை. கடைசி நொடியில் ஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்தால் எலிவான் முதலில் மேலே போகும், அந்தக் கணத்தில் விமானம் உயராது, அமுங்கும். நீங்கள் பொத்தென்று விழுகிறீர்கள் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எஃப்-18-ஐ நீங்கள் 8 டிகிரி ஆங்கிள் ஆஃப் அட்டாக்கில் இறக்கிப் பழகியிருப்பீர்கள். மிராஜில் அது 14. சக்கரத்தை இறக்கியதும் ஹட்டில் (கண்ணுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடித் திரை) அடைப்புக்குறி வரும், பறக்கும் பாதைக் குறியை அதற்குள் வைத்தால் 14-இல் இருக்கிறீர்கள். 3 டிகிரி சரிவில் இறங்கினால் மூக்கு அடிவானத்துக்கு மேல் 11-இல் நிற்கும். ரன்வே மூக்குக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், இருக்கையைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளுங்கள். ஆங்கிள் ஆஃப் அட்டாக்கை 14-இல் நிறுத்தும் வேலை ஸ்டிக்குக்கு, இறங்கும் விகிதம் முழுக்க திராட்டிலுக்கு (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி). கீழே போகிறீர்கள் என்று தெரிந்தால் இழுக்காதீர்கள், திராட்டிலைத் தள்ளுங்கள். இழுத்தால் இழுவைதான் கூடும், இன்னும் வேகமாகக் கீழே போவீர்கள். எடையைப் பொறுத்து 140 நாட் பக்கம் வரும், அந்த எண்ணை விரட்டாதீர்கள், கோணத்தைப் பிடித்தால் வேகம் தானாக வரும்.

ரன்வேயை நெருங்கியதும் பெரிய இறக்கைக்கு அடியில் காற்று மெத்தை மாதிரி தாங்கும். அங்கே ஸ்டிக்கை ஒரு விரல் அளவு மட்டும் இழுத்து, திராட்டிலை மெதுவாகக் குறைத்தால் போதும். நீங்கள் மிதக்கிறீர்கள் என்றால் வேகம் அதிகம், வால் உரசுகிறது என்றால் அந்த மிதப்பை இழுத்து அடக்கப் பார்க்கிறீர்கள். சக்கரம் தொட்ட பிறகு மூக்கைக் கீழே போடாதீர்கள். 13 டிகிரியைத் தாண்டாமல் மேலேயே பிடித்து வைத்திருந்தால் அந்த இறக்கையே பிரேக். வேகம் 100 நாட்டை நெருங்கியதும் மூக்கை இறக்கிவிட்டுச் சக்கர பிரேக்கைப் பிடிக்கலாம். ரன்வே குறைவாக இருந்தால் பாராசூட் இருக்கவே இருக்கிறது.

---

செங்காங்_விமானி

அண்ணே, ரொம்ப நன்றி. கப்பலில் இறக்குகிற மாதிரி அப்படியே மோதிவிட்டு, உடனே மூக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன், அதையும் மாற்ற வேண்டும் போலிருக்கிறது. இரவே முயன்றேன், திராட்டிலால் இறக்குவது உண்மையிலேயே வேறு மாதிரி இருக்கிறது.

இன்னும் ஒரு சந்தேகம். இடது பக்கம் சார்ஜ் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதே, அதைச் சண்டையில் தொட வேண்டுமா? எரிபொருள் டாங்க் எத்தனை எடுத்துப் போகிறீர்கள்?

---

பொங்கோல்_கிளைடர்

அந்த சுவிட்ச் ஃப்ளை-பை-வயரின் வரம்பை மாற்றுவது. குண்டு, இறக்கை டாங்க் என்று கனமாகப் போகும்போது சார்ஜில் வைத்தால் ஜியையும் உருளும் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். ஏவுகணை மட்டும் இருந்தால் ஏ/ஏ-இல் (வான்சண்டை நிலை) வையுங்கள், 9 ஜி கிடைக்கும். தரைத்தாக்குதல் மிஷனை முடித்துவிட்டு அதே விமானத்தில் சண்டைக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிட்டு, விமானம் திரும்பவில்லை என்று புலம்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன். டாங்க் விஷயத்தில், நடுவில் ஒரு 1300 லிட்டர் போதும். இறக்கையில் 2000 லிட்டர் டாங்க் இரண்டு மாட்டினால் சண்டைக்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. உண்மையான மிராஜின் ஸ்டிக்கில் ஒரு கெட்டியான ஸ்பிரிங் தடுப்பு இருக்கிறது, வரம்பு வந்ததும் கை அங்கே முட்டும், அதையும் தாண்டி இழுக்க வேண்டுமென்றால் மெனக்கெட்டு இழுக்க வேண்டும். நம் மேஜை ஸ்டிக்கில் அது இல்லை. சிம் லிம்மில் வாங்கினாலும் கரோசெல்லில் வாங்கினாலும் எல்லாம் ஒரே மெத்து மெத்து. அதனால் கை தானாகக் கடைசிவரை போய்விடுகிறது. கண்தான் அந்தத் தடுப்பின் வேலையைச் செய்ய வேண்டும். என் வழக்கம், ஆங்கிள் ஆஃப் அட்டாக் இரட்டை இலக்கத்துக்குப் போனால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். சுடப்போகிறேன், அல்லது என்னைச் சுடுகிறான். மற்ற நேரத்தில் அதற்குக் கீழே. ஸ்டிக் வளைவைக் கொஞ்சம் மென்மையாக்குவதும் உதவும், ஆனால் அதிகமாக்கினால் குறிபார்க்கும்போது கோபம் வரும்.

இன்னொன்று, கணினி எதிரியோடு மட்டும் பழகாதீர்கள். ஏஐ விமானங்கள் எளிமையாக்கப்பட்ட பறத்தல் மாதிரியில் ஓடுகின்றன, நமக்குக் கரைகிற மாதிரி அவற்றுக்கு வேகம் கரையாது. அவற்றோடு வட்டமடித்துத் தோற்றுவிட்டு விமானத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. உங்கள் நண்பரே நல்ல வாத்தியார். சண்டை முடிந்ததும் டாக்வியூ என்ற மென்பொருளில் பதிவைப் போட்டு உங்கள் வேகக் கோட்டை மட்டும் பாருங்கள், யார் யாரைச் சுட்டார் என்பதை அப்புறம் பார்க்கலாம். எந்த இடத்தில் அந்தக் கோடு செங்குத்தாக விழுகிறதோ அங்கேதான் விட்டிருக்க வேண்டும்.

---

கேப்டன்_கோப்பி_ஓ

சரி சரி, எனக்கும் ஆசை வந்துவிட்டது. 2022 ஏர் ஷோவில் சாங்கிக்கு மேலே தேஜஸ் பறந்தபோது, இவ்வளவு குட்டி விமானம் இப்படித் திரும்புகிறதே என்று நினைத்தேன், அதுவும் வால் இல்லாத டெல்டாதானே? கோயம்புத்தூர்ப் பக்கம் சூலூரில் அதன் ஸ்குவாட்ரன் இருக்கிறது, அங்கிருக்கும் என் மாமா வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் என்பார்.

---

ஈசூன்_இரவுப்பறவை

ஆமாம், அதே குடும்பம்தான். அதிலும் நிலையற்ற வடிவம், கணினிதான் பிடித்துக்கொள்கிறது. ஏர் ஷோவில் எந்த டெல்டாவையும் கவனித்துப் பாருங்கள், கண்ணைப் பறிக்கும் இறுக்கமான திருப்பம் ஒன்று போட்ட பிறகு மூக்கைத் தாழ்த்தியோ நேராக ஓடியோ வேகத்தைத் திரும்பச் சேர்த்துக்கொண்டுதான் அடுத்ததுக்குப் போவார்கள். செங்காங் சாருக்குச் சொன்னதும் அதேதான்.

---

செங்காங்_விமானி

நேற்று நண்பரோடு மறுபடி மோதினேன். முதல் ஏவுகணை போய்விட்டது, உடனே விட்டுவிட்டு மூக்கைத் தாழ்த்தி ஓடினேன், அவர் திரும்பி என்னைத் தேடுவதற்குள் 400 நாட்டுக்கு மேல் வந்து மறுபடி நேருக்கு நேர் நின்றேன். கடைசியில் அவர்தான் ஜெயித்தார், ஆனால் இந்த முறை ரொம்ப நேரம் வியர்த்தார். சனிக்கிழமை இரவு 10 மணிக்குமேல் யாராவது வருகிறீர்களா? அம்ராம் கிடையாது, இறக்கை டாங்க் கிடையாது.

---

பழைய_ஸ்கைஹாக்

நான் வருகிறேன் தம்பி, டிசிஎஸ்ஸுக்கு இலவசமாகக் கிடைக்கிற அந்த ஏ-4 மாட் (ரசிகர்கள் செய்த கூடுதல் விமானம்) எடுத்துக்கொண்டு. ஆஃப்டர்பர்னர்கூட இல்லை என்று இளக்காரமாக நினைத்து மெதுவான சுற்றுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள்.