அவுட்போர்டு ஐடிலைக் குறைத்தால் கியரில் நின்றுவிடுகிறது: உயிர் இரை இழுக்க 2 நாட் வேகம் வேண்டும்

கேள்வி (பாம்பன்)

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் 20 அடி ஃபைபர் வள்ளமும் 9.9 குதிரைத்திறன் கொண்ட 4 ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரும் (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது) இருக்கின்றன. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்) வகை, பெட்ரோலில் மட்டுமே ஓட்டுகிறோம். வஞ்சிரத்துக்காக உயிருள்ள மத்தியைத் தூண்டிலில் கோத்துக் கடையாலுக்கு, அதாவது படகின் பின்முனைக்கு, பின்னால் மெதுவாக இழுத்துச் செல்வது எங்கள் தொழில். ட்ரோலிங் என்று இங்கே நான் சொல்வது இந்தத் தூண்டில் முறையைத்தான், விசைப்படகின் இழுவலையை அல்ல.

திராட்டிலை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) முழுவதும் மூடிய பிறகும், கைப்பேசியின் ஜிபிஎஸ் 3.5 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம் காட்டுகிறது. அந்த வேகத்தில் மத்தி நீந்துவதில்லை. சுழன்று சுழன்று கால் மணி நேரத்திற்குள் செத்துவிடுகிறது. 2 நாட் கிடைத்தால் போதும். ஐடில் எனப்படும் மிகக் குறைந்த ஓட்டத்தை நிர்ணயிக்கும் திருகைத் தளர்த்தினால் நியூட்ரலில் ஓடுகிறது, ஆனால் முன் கியரைப் போட்டதும் நின்றுவிடுகிறது. சென்ற ஆண்டு இதே கோளாறுக்காக ஒரு பழுதுபார்ப்பவர் ஐடிலை ஏற்றிவைத்துக் கொடுத்தார். இப்போது மீட்டரில் பார்த்தால் கியரில் நிமிடத்துக்கு 1200 சுற்று இருக்கிறது. கையேட்டில் 950 முதல் 1050 வரை என்று உள்ளது. திருகை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் (தூத்துக்குடி, மோட்டார் மெக்கானிக்)

தம்பி, அந்தத் திருகில் இனிமேல் கை வைக்க வேண்டாம். உங்களுக்கு இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. அவற்றை ஒன்றாகக் கலந்ததால்தான் குழப்பம் வந்திருக்கிறது. மோட்டார் தன் சரியான ஐடிலில் நிற்காமல் போவது ஒன்று. சரியான ஐடிலிலும் படகு 2 நாட்டுக்கு இறங்காது என்பது மற்றொன்று.

முதலாவதைப் பார்ப்போம். ஐடில் ஓட்டத்துக்கான பெட்ரோல், கார்புரேட்டரில் பைலட் ஜெட் என்னும் மிக நுண்ணிய துளை வழியாக வருகிறது. அதில் பிசின் படிந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும். சுமை இல்லாத நியூட்ரலில் மோட்டார் எப்படியோ சமாளிக்கும், கியர் விழுந்து புரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளத் தொடங்கியதும் தாங்காமல் நிற்கும். திருகை ஏற்றினால் திராட்டில் தகடு சற்றுத் திறந்து, அதற்கு மேலுள்ள வேறு துளைகளிலிருந்து பெட்ரோல் வந்துவிடுவதால் கோளாறு மறைந்துபோகும். ஆனால் அடைப்பு அப்படியேதான் இருக்கும். 1200 சுற்றில் கியர் போடும்போது டக்கென்று சத்தம் கேட்கிறதா? ஒவ்வொரு முறையும் கியர்ப் பெட்டிக்குள் கிளட்ச் பற்கள் தேய்கின்றன.

இதை உறுதிசெய்ய ஒரு சோதனை இருக்கிறது. மோட்டார் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் ஓடும்போது சோக்கை (காற்றைக் குறைக்கும் பிடியை) சிறிதளவு இழுத்துப் பாருங்கள். ஓட்டம் சீராகி வேகம் கூடினால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். பெரும்பாலும் பைலட் ஜெட்டே காரணமாக இருக்கும். புகைந்து மேலும் திணறினால், பெட்ரோல் கூடுதலாக வருகிறது என்று கொண்டு மிதவையையும் ஊசி வால்வையும் பார்க்க வேண்டும். ஜெட்டைக் கழற்றி கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகிவிடும், பிறகு எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது. இப்போது பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும். ஆகவே சில நாட்கள் கடலுக்குப் போகவில்லை என்றால், கார்புரேட்டரின் அடியிலுள்ள வடிதிருகைத் திறந்து மீதிப் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

சுத்தம் செய்த பிறகு ஐடிலை வைக்க வேண்டிய இடம் கடல்தான், கரையில் தண்ணீர்த் தொட்டி அல்ல. பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, முன் கியரில் சுமையோடு வைத்துக் கையேட்டு அளவுக்குள் நிறுத்துங்கள். அதற்கும் கீழே இறக்கினால் எண்ணெய் அழுத்தமும் குளிர்விக்கும் நீரோட்டமும் குறையும். ஓர் அலை தூக்கிப்போடும் நேரத்தில், பாறைக்கு அருகில், மோட்டார் நின்றுபோவதை நான் விரும்பமாட்டேன்.

இனி இரண்டாவது. உங்கள் புரொப்பெல்லரின் பிட்ச், அதாவது ஒரு சுழற்சியில் அது முன்னேற வேண்டிய தூரம், எவ்வளவு? இவ்வகை மோட்டார்களில் 9 அங்குலமும் 2.08 கியர் விகிதமும் (மோட்டார் 2.08 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று) வழக்கம். 1000 சுற்றில் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 480 முறை சுழலும். ஒரு சுழற்சிக்கு 9 அங்குலம் என்றால், வழுக்கலை (தண்ணீரில் நழுவி வீணாகும் பங்கை) கழிக்காமல் 3.5 நாட் வருகிறது. வழுக்கலைக் கழித்தாலும் 3 நாட்டை ஒட்டித்தான் நிற்கும். ஆக, எவ்வளவு நன்றாகச் சீர்செய்த மோட்டாரும் உங்கள் படகை 2 நாட்டில் ஓட்டாது. 7 அங்குலப் பிட்ச் போட்டால் இதே சுற்றில் வழுக்கல் கழிக்காத வேகம் 2.8 நாட்டுக்குக் குறையும், ஆனால் வெறும் படகில் முழுத் திராட்டில் கொடுக்கும்போது மோட்டார் தன் உச்ச சுற்றைத் தாண்டிப் பாயும். அதை மறக்கக் கூடாது.

சில புதிய மின்னணு எரிபொருள் செலுத்து மோட்டார்களில் ட்ரோலிங் வேகத்தை 50 சுற்றுப் படிகளாகக் கூட்டிக் குறைக்கும் வசதி உண்டு. கார்புரேட்டரில் அதற்கு வழியில்லை.

பதில் (மன்னார்)

வஞ்சிரத்தை நாங்கள் அறுக்குளா என்போம். அதற்குத்தான் இங்கேயும் இப்படித் தூண்டில் இழுக்கிறோம். மெக்கானிக் ஐயா சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. எங்களிடம் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடும் 2 ஸ்ட்ரோக் மோட்டார்கள். அவற்றைப் பெட்ரோலில் தொடங்கி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். மெதுவோட்டத்தில் மண்ணெண்ணெய் முழுவதும் எரியாமல் பிளக்கில் கரி கட்டும். ஆகவே அரை மணிக்கு ஒரு முறை தூண்டிலை ஏற்றிவிட்டுச் சில நிமிடம் வேகமாக ஓட்டுவதும், மோட்டாரை நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்குத் திரும்புவதும் எங்கள் வழக்கம். தம்பி பெட்ரோல் மட்டும் ஓட்டுவதால் இந்தத் தொல்லை குறைவு.

படகின் வேகத்தை நாங்கள் வாளியால் அடக்குகிறோம். 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளியின் அடியில் நான்கைந்து துளைகள் இட்டு, கைப்பிடியை நம்பாமல் விளிம்பில் மூன்று இடத்தில் கயிறு கோத்து, தண்ணீரில் விட்டு இழுப்போம். வாளியின் வாய் 30 சென்டிமீட்டர் இருந்தால், 2 நாட் வேகத்தில் அது ஏறத்தாழ 4 கிலோ எடையளவுக்கு இழுத்துப் பிடிக்கும். வேகம் இருமடங்கானால் பிடிப்பு நான்கு மடங்காகும். இதனால்தான் முதல் வாளி வேகத்தை நன்றாகக் குறைக்கும், அடுத்த வாளியின் பலன் அதைவிடக் குறைவாகத் தெரியும். இரு பக்கமும் ஒவ்வொன்று கட்டினால் படகு ஒரு பக்கம் இழுக்காது.

கயிற்றைக் கடையாலில் கட்டாதீர்கள். அணியத்துக்கும் (படகின் முன்முனைக்கும்) நடுவுக்கும் இடையில் கட்டுங்கள். வாளி முழுவதும் பின்னால் போனாலும் புரொப்பெல்லரை எட்டாத அளவுக்குக் கயிறு குட்டையாக இருக்க வேண்டும். மீன் தூண்டிலில் மாட்டியவுடன் முதல் வேலை வாளியைத் தூக்குவது. நீவாட்டுக்கு (கடல் நீரோட்டத்துக்கு) எதிரே ஓடினால் தரையோடு ஒப்பிட்ட வேகம் இன்னும் குறையும், ஆனால் மத்திக்குத் தெரிவது தண்ணீரில் உள்ள வேகம்தான். ஜிபிஎஸ் காட்டும் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

கேட்டவர் (பாம்பன்), எட்டு நாட்களுக்குப் பிறகு

இருவருக்கும் நன்றி. சோக்கை இழுத்ததும் மோட்டார் சீராக ஓடியது. பைலட் ஜெட்டைக் கழற்றிப் பார்த்தால் வெளிச்சத்தில் துளையே தெரியவில்லை. சுத்தம் செய்த பிறகு கியரில் 980 சுற்றில் நிற்காமல் ஓடுகிறது, கியர்ச் சத்தமும் மென்மையாகிவிட்டது. அந்த ஐடிலில் காற்றில்லாத காலையில், போகும் திசையிலும் திரும்பும் திசையிலும் அளந்து சராசரி எடுத்தேன்: 2.9 நாட். இரண்டு வாளிகளையும் போட்டதும் 2.1 நாட். மத்தி முக்கால் மணி நேரத்துக்கும் மேல் உயிரோடு நீந்துகிறது. ஒரே ஒரு சந்தேகம்: திரும்பும்போது உள்பக்க வாளி படகின் அடியில் போய் இடிக்கிறது. கயிற்றை இன்னும் குறைக்க வேண்டுமா?

பதில் (மன்னார்)

குறைக்க வேண்டாம். திரும்புவதற்கு முன் உள்பக்க வாளியை மட்டும் தூக்கிவிட்டு, வெளிப்பக்க வாளியோடு அகலமாக வளையுங்கள். படகு நேரானதும் மறுபடி இறக்கலாம். குறுகலாகத் திரும்பினால் தூண்டில் கயிறுகளும் ஒன்றோடொன்று சிக்கும்.