கணினிச் செலவை நிர்வாகத்துக்கு எவ்வாறு நியாயப்படுத்துவது?

வணக்கம். கிளிநொச்சியில் நெல் கொள்வனவு செய்யும் சிறிய நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். காலபோக அறுவடையின்போது மின்சாரம் ஒரு நொடி தடைப்பட்டாலும் எடை பதிந்துகொண்டிருக்கும் கணினி அணைந்துவிடுவதால், நெல் மூட்டைகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்த விவசாயிகள் பற்றுச்சீட்டுக்காக வெயிலில் காத்து நிற்கிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மின்சாரம் தடைப்பட்டாலும் கணினிக்குச் சிறிது நேரம் மின் வழங்கும் யூபிஎஸ், ஒரு வன்தட்டு பழுதடைந்தாலும் மற்றையதில் தொடர்ந்து இயங்கும் ரெயிட் 1 சேவையகம், வேறிடத்தில் பேணப்படும் காப்புப் பிரதி ஆகியவற்றைக் கோரியுள்ளேன். சாதாரணக் கணினி இதைவிட மலிவு என்பதே நிர்வாகத்தின் பதில். இப்போதுள்ள கணினிகளோ, 2025 ஒக்டோபர் 14 உடன் மைக்ரோசொஃப்டின் வழமையான ஆதரவு முடிவடைந்த விண்டோஸ் 10 இல் இயங்குகின்றன.

ஆண்டில் 99.9 வீத நேரம் இயங்கும் கணினியும் ஏறத்தாழ 9 மணித்தியாலம் நிற்கும். அது விதைப்புக் காலத்தில் நின்றால் பெரிய பாதிப்பில்லை. அறுவடை நாளில் நின்றால் அன்றைய நெல் வேறு வியாபாரியிடம் போய்விடும் என்பதே என் கணிப்பு. இந்த இழப்பை ரூபாயில் கணக்கிட்டு, உபகரணச் செலவை ஐந்து ஆண்டுகளுக்குப் பகிர்ந்து காட்டும் அறிக்கையைத் தயாரித்த அனுபவமுள்ளவர்கள், எந்தெந்தச் செலவுகளைச் சேர்த்தீர்கள் என்பதைத் தயவுசெய்து அறியத் தாருங்கள்.