பெரியப்பாவின் இரட்டைக் குழல்

குழு: தாண்டிக்குடி வீடு

தேன்மொழி (காலை 9.12): எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் பேச்சுத் தமிழில் எழுதக் கூடாது என்ற அப்பாவின் விதியை அவருடைய பதினாறாம் நாள் வரையிலாவது காப்போம். நேற்று பீரோவைத் திறந்தபோது, காட்டுப்பன்றிக்காக அவர் வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கியும் ஒரு பெட்டித் தோட்டாக்களும் இருந்தன. உரிமம் அப்பா பெயரில் மட்டுமே இருக்கிறது. என்ன செய்வது?

பிரபு (9.15): மாமா அதை ஒரு முறைகூடச் சுட்டதில்லை. பன்றிகளுக்கும் அது தெரிந்திருந்தது.

கலா அத்தை (9.17): அண்ணன் ஆசையாக வைத்திருந்த பொருள். வீட்டிலேயே இருக்கட்டும்.

சுந்தரம் சித்தப்பா (9.34): இருக்க முடியாது, கலா. உரிமம் அண்ணனுக்கு வழங்கப்பட்டதே தவிர வீட்டுக்கு வழங்கப்பட்டதன்று. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 21ஆம் பிரிவின்படி, உரிமம் எந்தக் காரணத்தால் இல்லாமற்போனாலும் ஆயுதத்தைத் தேவையற்ற தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காமல் வைத்திருந்தால் அது உரிமமின்றி வைத்திருந்த குற்றம்; 2019 திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை.

பிரபு (9.36): பதினாறாம் நாளுக்குப் பந்தல் போடும் வீட்டில் இப்படி ஒரு செய்தி.

முரளி (9.41): சித்தப்பா, இன்னொன்றும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து டில்லிக்கு விமானத்தில் எடுத்துச் செல்லலாம் என்று அப்பாவின் தோல் பையைத் துடைத்தேன். பக்க அறையில் ஒரு தோட்டா கிடந்தது. படம் அனுப்புகிறேன்.

முரளி (9.42): [படம்]

தேன்மொழி (9.43): அண்ணா, அந்தப் பையைத் தொடாதே.

சுந்தரம் சித்தப்பா (10.05): இதை எல்லோரும் நிதானமாகப் படியுங்கள். விமான நிலையச் சோதனையில் பைக்குள் ஒற்றைத் தோட்டா அகப்பட்டு வழக்குப் பதிவாவது இந்நாட்டில் அரிதன்று. சட்டத்தில் 'வைத்திருத்தல்' என்றுதான் இருக்கிறது. ஆனால் 1972இல் குன்வந்த்லால் வழக்கில், வைத்திருப்பவருக்கு அந்தப் பொருள் தம்மிடம் இருப்பது பற்றிய அறிவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1994இல் சஞ்சய் தத் வழக்கிலும் அதையே வலியுறுத்தியது. அந்த அடிப்படையில்தான், தந்தையின் பையை மகன் தெரியாமல் எடுத்து வந்தது போன்ற வழக்குகள் பலவற்றை டில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. துப்பாக்கியில்லாத ஒற்றைத் தோட்டாவால் எவருக்கும் அச்சமில்லை என்பதும் அங்கே எடுபடும் வாதம்தான். ஆனால் ரத்து என்பது முதல் தகவல் அறிக்கை பதிவாகி, விமானம் போய், வக்கீலுக்குக் கட்டணம் கட்டிய பிறகு வருவது.

முரளி (10.08): எனக்கும் தெரியாமல்தானே இருந்தது?

சுந்தரம் சித்தப்பா (10.10): 9.42 வரை தெரியாது. படத்தை அனுப்பியதிலிருந்து உனக்கும் தெரியும், குழுவில் உள்ள 14 பேருக்கும் தெரியும்.

கலா அத்தை (10.11): முரளி, அந்தப் படத்தை உடனே நீக்கிவிடு.

சுந்தரம் சித்தப்பா (10.12): நீக்காதே. கண்டவுடன் மூத்தவர்களிடம் சொன்னான் என்பதற்கு அதுவே சான்று, நீக்கினால் மறைத்ததாகும்.

செல்வம், மைசூரு (10.20): அப்பா, குடகில் யாருக்கும் துப்பாக்கி உரிமமே தேவையில்லை என்று எங்கள் அலுவலகத்தில் சொல்கிறார்களே. பெரியப்பாவுடையதை இங்கே கொண்டுவந்து வைத்துவிடலாமே.

சுந்தரம் சித்தப்பா (10.26): அந்த விலக்கு குடகின் பூர்வகுடிகளான குடவர்களுக்கும், ஜம்மா எனப்படும் பரம்பரை நிலத்தின் உரிமையாளர்களுக்கும் மட்டும், 2029 வரை. அதை எதிர்த்த மனுவை 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீ குடவனும் அல்லை, உனக்கு அங்கே ஒரு குழி நிலமும் இல்லை. கேட்ட செய்திகளை இங்கே பரப்பாதே.

முரளி (10.33): வாரிசு என்ற முறையில் உரிமத்தை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறேன்.

பிரபு (10.34): வேலி வழக்கு நிலுவையில் இருப்பவருக்கு ஆட்சியர் உரிமம் தருவாரா?

கலா அத்தை (10.34): பிரபு, இங்கே வேண்டாம்.

முரளி (10.35): அந்த வழக்கைப் போட்டது யார் என்று அத்தையிடம் கேள்.

சுந்தரம் சித்தப்பா (10.52): கேள்வி நியாயமானது, கேட்ட இடம்தான் தவறு. வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து உரிமத்தை ரத்து செய்யக் கூடாது, பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ என்ன ஆபத்து என்று ஆட்சியர் எழுத்தில் காட்ட வேண்டும் என அலகாபாத் உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஆனால் அவை கையில் இருக்கும் உரிமத்தைப் பறிப்பது பற்றிய தீர்ப்புகள். புதிதாகக் கேட்பவன் நிலை வேறு. அமெரிக்காவைப் போல ஆயுதம் வைத்திருப்பது இங்கே அடிப்படை உரிமையன்று என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அரசுத் தரப்பு நிச்சயம் எடுத்து வைக்கும்.

கலா அத்தை (10.58): ஒவ்வொரு தேர்தலுக்கும் அண்ணன் அதைச் சாக்கில் சுற்றிக் காவல் நிலையத்துக்குக் கொண்டு போவார். ஆசிரியர் துப்பாக்கியோடு வருகிறார் என்று பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள்.

சுந்தரம் சித்தப்பா (11.03): உண்மையில் எல்லோரும் கொண்டு போக வேண்டியதில்லை. 2009இல் கோவா வழக்கொன்றில் பம்பாய் உயர் நீதிமன்றம், தேர்தலுக்காகத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி ஒட்டுமொத்தமாக ஆணையிடாமல், ஒவ்வோர் உரிமதாரரையும் அதற்கான அதிகாரிகள் குழு தனித்தனியே ஆராய வேண்டும் என்றது. தேர்தல் ஆணையமும் அதை ஏற்றது. நான் சொன்னபோது அண்ணன் கேட்கவில்லை. 'விதி என்றால் விதி' என்றார்.

தேன்மொழி (11.06): அப்பா அப்படித்தான். சித்தப்பா, இப்போது யார் கொண்டு போவது?

சுந்தரம் சித்தப்பா (11.15): உரிமமில்லாத எவரும் அதைத் தூக்கிக்கொண்டு சாலையில் போக வேண்டாம். இறப்புச் சான்றிதழ், உரிமப் புத்தகம் ஆகியவற்றின் நகலோடு இன்றே ஆய்வாளருக்குக் கடிதம் கொடுங்கள். வந்து பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். எண்ணிக்கை எழுதிய ரசீது கட்டாயம். பையில் கிடந்த தோட்டாவும் அதில் சேர வேண்டும். இத்தகைய வழக்கைத் தொடர 39ஆம் பிரிவின்படி மாவட்ட நடுவரின், அதாவது ஆட்சியரின், முன்னனுமதி அரசுத் தரப்புக்குத் தேவை. ஆவணங்களைப் படிக்காமல் அச்சடித்த தாளில் கையெழுத்திட்ட அனுமதியால், அரசுத் தரப்பில் நான் நடத்திய வழக்கே ஒருமுறை தோற்றது. அத்தகைய ஓட்டையை நம்பி நம் வீட்டில் எவரும் இருக்க வேண்டாம்.

பிரபு (11.18): கடிதத்தை நான் ஜீப்பில் கொண்டு போகிறேன்.

முரளி (11.19): மூத்த மகன் நான் இருக்கிறேன். நான் போகிறேன்.

தேன்மொழி (11.21): இருவருமே போங்கள், ஒரே ஜீப்பில்.

தேன்மொழி (11.40): யாரும் பதில் எழுதவில்லை. கலா அத்தை, உரிமப் புத்தகம் பீரோவின் உள்ளறையில் இருக்கிறது. அதன் சாவி உங்கள் கொத்தில்தானே?

கலா அத்தை (11.58): வந்து தேடிப் பார்க்கிறேன். முதலில் அந்த ரசீது யார் பெயரில் வரும் என்று சொல்லுங்கள்.