சார்த்ர் கதீட்ரல் மேற்கு ஜன்னல்: நீலம் மட்டும் வெளிறிப்போகிறது

நண்பர்களோடு பிரான்சில் சார்த்ர் வந்திருக்கிறோம். நாளை மதியம் கிளம்புகிறோம். கதீட்ரலின் மேற்குச் சுவரில் உள்ள மூன்று நீள ஜன்னல்களில், உள்ளிருந்து பார்த்தால் வலப்பக்கம் இருக்கும் ஈசாய் மரம்தான் (ஈசாயிலிருந்து அரசர்கள் வழியாக இயேசு வரையான வம்சத்தை மரமாகக் காட்டும் வண்ணக் கண்ணாடி) பிரச்சினை. 1194 தீவிபத்தில் தப்பிய 12ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி அது. இதைச் சரியாக எடுக்காமல் போக மனசே வரவில்லை.

கேமரா சோனி ஏ6400, லென்ஸ் 18-135 மி.மீ. ட்ரைபாட் கிடையாது, கையில் பிடித்தே எடுக்கிறேன். 135இல் எஃப்/5.6, 1/125, ஐஎஸ்ஓ 400, ரா ஃபைல். எடுத்தது எல்லாம் பிற்பகல் வெயிலில்.

சிவப்பு அருமையாக வருகிறது. நீலம் மட்டும் வெளிர்நீலமாகிப் பக்கத்தில் கசிகிறது. அரசர்களின் உடை மடிப்புகளும் மெல்லிய ஈயக் கோடுகளும் அதில் கரைந்துவிடுகின்றன. மொத்த ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காகத்தான் தெரிகிறது. தனித்தனி நிறத்தில் பார்த்தால் நீலம் வலது ஓரத்தில், அதாவது அதிக வெளிச்ச எல்லையில், முட்டி நிற்கிறது.

ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சிறு இடத்தில் மட்டும் வெளிச்சம் அளப்பது) வைத்துப் பார்த்தாச்சு. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து 5500 கெல்வினுக்கு மாற்றினேன், கொஞ்சம் தேவலை. எக்ஸ்போஷரை இரண்டு ஸ்டாப் குறைத்தால் நீலம் திரும்புகிறது, ஆனால் சிவப்பு கருத்து, சுற்றியுள்ள கல் மொத்தமாக மறைகிறது. அதை எடிட்டிங்கில் தூக்கினால் ஒரே நாய்ஸ்.

நாளை காலை, வெயில் அந்தப் பக்கம் வருவதற்கு முன் எடுத்தால் நீலமும் சிவப்பும் ஒரே படத்தில் நிற்குமா, இல்லை வேறு வேறு எக்ஸ்போஷரில் எடுத்து இணைத்தே ஆக வேண்டுமா?